மதுவிலக்கும் விற்பனை வரியும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டு (பொ.யு. 921) குடவோலைத் தேர்வின் விதிகளைக் கூறுகிறது. ஐம்பெரும் பாவங்களில் முதல் நான்கைச் செய்தவரும் அவருடைய உறவினரும் ஊர்ச்சபை வாரியங்களில் இடம்பெற முடியாது. தர்மநூல்களின்படி மது அருந்துவது அவற்றுள் ஒன்று. ஆனால் இவ்விதி பதவிக்கு மட்டுமே உரியது.

விற்பனையையே நிறுத்தும் சட்டம் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மாகாண வருவாயில் ஏறத்தாழக் கால் பங்கு மதுத் தீர்வையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த இழப்பை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். சரக்கு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் விழுந்த வரி, முடிவில் பொருளின் விலையில் ஏறியது. குடியால் அழியும் குடும்பங்களைக் காக்க வந்த சட்டத்தின் செலவைக் குடிக்காதவர்களும் சுமந்தனர்.

1948-க்குள் மதுவிலக்கு, உத்திரமேரூர் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் உட்பட, மாகாணம் முழுவதும் படிப்படியாக விரிந்தது. பனையேறிகளுக்குப் பதநீர் மட்டும் எஞ்சியது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், இல்லையென்றால் கள். குற்றத்தின் எல்லை அவ்வளவு மெல்லியது.

1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது விற்பனை வரி நீக்கப்படவில்லை. பிற மாநிலங்களும் அதற்குள் அவ்வரியை ஏற்றிருந்தன. 2017-ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், மாநிலங்களின் பழைய விற்பனை வரி முக்கியமாக இரண்டு இனங்களில் தொடர்கிறது. ஒன்று பெட்ரோலியப் பொருட்கள், மற்றொன்று மது.