தண்டவாளத்திலிருந்து சட்டைப்பைக்கு

நடுவரின் கை சட்டைப்பைக்குப் போனாலே கேலரியில் கூச்சல் கிளம்பிவிடும். கால்பந்தின் மஞ்சள், சிவப்பு அட்டைகளுக்குப் பூர்வீகம் புல்தரை அல்ல, தண்டவாளம்.

பிரிட்டிஷ் ரயில்வேயின் தொடக்க காலத்தில் சிவப்பு என்றால் நில், வெள்ளை என்றால் போ, பச்சை என்றால் பார்த்துப் போ. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் விளக்கு வெள்ளையாகத் தெரியும், ஓட்டுநர் வண்டியை விட்டுவிடுவார். அதனால் பின்னாளில் வெள்ளையை ஒழித்துப் பச்சையிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1868 டிசம்பரில் ஜான் பீக் நைட் என்ற ரயில்வேக்காரர் சிவப்பையும் பச்சையையும் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வெளியே சாலையில் நட்டார். எரிவாயு விளக்கு அடுத்த மாதமே வெடித்துப் போலீஸ்காரர் காயமடைந்தார். 1914இல் கிளீவ்லாண்டில் மின்விளக்கு வந்தது. 1920இல் டெட்ராய்ட் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ் நடுவில் மஞ்சளைச் சேர்த்தார்.

கால்பந்தில் அப்போதும் எல்லாம் வாய்மொழிதான். 1962 உலகக் கோப்பையில் சிலி–இத்தாலி ஆட்டத்தை நடத்திய ஆங்கிலேயர் கென் ஆஸ்டன், இத்தாலியின் ஃபெரினியை வெளியே போகச் சொன்னார். அவர் நகரவே இல்லை, போலீஸ் வந்துதான் கூட்டிப்போனது. 1966 உலகக் கோப்பையில், வெம்ப்ளியில் இங்கிலாந்தோடு மோதிய அர்ஜென்டினாவின் கேப்டன் ராட்டினை ஜெர்மன் நடுவர் கிரைட்லைன் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பல நிமிடம் ஆட்டம் நின்றது. அதே ஆட்டத்தில் நடுவர் தன்னையும் எச்சரித்துப் பெயரைக் குறித்துக்கொண்டதை இங்கிலாந்தின் ஜாக் சார்ல்டன் மறுநாள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்!

அந்தத் தொடரில் நடுவர்களுக்குப் பொறுப்பாளர், அதே ஆஸ்டன். காரில் போகும்போது லண்டனின் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட் சிக்னலில் நின்றார். மஞ்சள், பிறகு சிவப்பு. மொழியே வேண்டாத கட்டளை கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது. சிலியில் அவ்வளவு பட்டவருக்குத்தான் அது உறைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த யோசனையில் பிறந்த அட்டைகள் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அரங்கேறின. அந்தத் தொடர் முழுக்க ஒரு சிவப்புகூட நீட்டப்படவில்லை. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு 1974இல், துருக்கி நடுவர் பாபாகான் கையிலிருந்து சிலியின் காஸ்லிக்குப் போனது. ஆம், மறுபடியும் சிலி! இங்கிலாந்து லீக்கோ 1976இல் ஏற்று, 1981இல் கைவிட்டு, 1987இல் திரும்ப எடுத்துக்கொண்டது.

மற்ற விளையாட்டுகளும் சும்மா இருக்கவில்லை. ஹாக்கியும் கபடியும் பச்சை அட்டையையும் சேர்த்துக்கொண்டன. கபடியில் பச்சை எச்சரிக்கை, ஏறக்குறைய அந்தப் பழைய ரயில்வே அர்த்தமேதான். கோடம்பாக்கத்திலோ, தயாரிப்பாளர் சங்கத்தோடு தகராறாகிப் பட வாய்ப்பு முடங்கிய நடிகரைப் பற்றி 'ரெட் கார்டு போட்டுட்டாங்க' என்பார்கள். பேசித் தீர்த்துக்கொண்டால் கார்டு திரும்பப் பெறப்படும்.