'இரசம் போன கண்ணாடி': ஒரு சொல்வழக்கின் வழியே கண்ணாடி மேற்பூச்சின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கண்ணாடியின் பயன்பாட்டை விரிவாக்கியதில் அதன் மேற்பரப்பில் இடப்படும் மெல்லிய பூச்சுகளுக்குப் பெரும் பங்குண்டு. முகம்பார்க்கும் கண்ணாடி, தொலைநோக்கி ஆடி, வெப்பத்தைத் தடுக்கும் சாளரம் ஆகிய மூன்றின் செயலும் பூச்சைச் சார்ந்தே அமைகிறது. பூச்சுப்பொருள் பாதரசத்திலிருந்து வெள்ளிக்கும், வெள்ளியிலிருந்து அலுமினியத்திற்கும், பின்னர் உலோக ஆக்சைடுகளுக்கும் மாறியது. எனினும் தமிழ் வழக்கில் 'இரசம்' என்ற சொல்லே நிலைத்துள்ளது. இச்சொல்லின் நிலைபேற்றை ஒரு வரலாற்றுத் தடயமாகக் கொண்டு, தமிழகச் சான்றுகளுடன் கண்ணாடி மேற்பூச்சின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இரசம், தட்டொளி, மேற்பூச்சு, கண்ணாடி ஓவியம், வெற்றிடப் படிவு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

போத்தனூர், கோவை வட்டாரக் கண்ணாடிக் கடைகளில் பழைய நிலைக்கண்ணாடியைக் கொண்டுசென்றால் 'ரசம் போயிருச்சு' என்னும் தொடரை இன்றும் கேட்கலாம். 'ரசம் பூசிய கண்ணாடி', 'ரசம் போன கண்ணாடி' என்பன தமிழகமெங்கும் வழங்கும் தொடர்கள். இவற்றில் இரசம் என்பது பாதரசத்தைக் குறிக்கிறது. ஆனால் இன்று விற்பனையாகும் முகக்கண்ணாடிகளின் பின்புறத்தில் பாதரசம் இல்லை. அங்கிருப்பது வெள்ளி அல்லது அலுமினியப் படலமே. வழக்கிலிருந்து நீங்கிய ஒரு தொழில்நுட்பம் சொல்லில் மட்டும் வாழ்கிறது எனலாம். இம்முரணே இவ்வாய்வின் தொடக்கப் புள்ளியாகும்.

பூச்சுக்கு முந்தைய நிலை: தட்டொளியும் பளிங்கும்

தமிழ் இலக்கியம் காட்டும் தொன்மையான முகம்பார் கருவி உலோகத்தாலானது. திருப்பாவையில் இடம்பெறும் 'தட்டொளி' என்னும் சொல் மெருகேற்றிய உலோகத் தட்டைச் சுட்டுவது. செம்புடன் வெள்ளீயத்தை மிகுதியாகக் கலந்து வார்த்து மெருகேற்றும் இம்மரபு, கேரளத்தின் ஆறன்முளையில் இன்றும் தொடர்கிறது. இவ்வகைக் கருவியில் ஒளி முன்பரப்பிலேயே எதிரொளிக்கப்படுகிறது. விரல்நுனியை வைத்தால் விரலும் அதன் பிம்பமும் இடைவெளியின்றித் தொடும். பின்பூச்சுள்ள கண்ணாடியிலோ விரலுக்கும் பிம்பத்திற்கும் இடையே கண்ணாடியின் தடிமன் குறுக்கிடும்.

'பளிங்கு' என்பது இதனின் வேறானது. மணிமேகலையின் 'பளிக்கறை புக்க காதை' உள்ளிருப்போரின் உருவத்தை வெளிக்காட்டும் பளிங்கு மண்டபத்தைப் புனைகிறது. திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரம் அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும் பளிங்கை முகத்திற்கு உவமையாக்குகிறது. ஒளியை ஊடுருவ விடும் பளிங்கும் ஒளியைத் திருப்பியனுப்பும் தட்டொளியும் இருவேறு பொருள்களாகவே முற்காலத் தமிழில் நின்றன. இவ்விரு பண்புகளையும் ஒரே பொருளில் இணைத்தது பின்னாளில் வந்த பூச்சுத் தொழில்நுட்பமாகும். தமிழில் 'கண்ணாடி' என்ற ஒரே சொல் ஊடுருவும் பொருளுக்கும் உருக்காட்டும் பொருளுக்கும் பொதுவாகிப்போனதை இவ்விணைப்போடு சேர்த்து நோக்கலாம்.

இரசத்தின் காலம்

16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரின் முரானோத் தீவில் வெள்ளீய-பாதரசக் கலவைப் பூச்சு பெரிதும் வளர்ச்சியுற்றது. சமதள மேசைமேல் வெள்ளீயத் தகட்டை விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றித் தேய்ப்பர். தூய கண்ணாடிப் பலகையைக் காற்றுப் புகாதவாறு அதன்மேல் நகர்த்தி வைத்து, எடைகளை அடுக்குவர். பின்னர்ப் பலகையைச் சிறிது சிறிதாகச் சாய்த்து மிகுதிப் பாதரசத்தை வடியவிடுவர். 1684இல் நிறைவுற்ற வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடிகளும் இம்முறையின் உச்சத்தைக் காட்டுவன.

இவ்வொளிக்குப் பின்னால் ஓர் இருளும் இருந்தது. பாதரச ஆவியைச் சுவாசித்த பூச்சுத் தொழிலாளர்க்குக் கைநடுக்கம், வாய்ப்புண், மனக்கலக்கம் ஆகியன உண்டாயின. செருமனியின் ஃபூர்த், நியூரம்பர்க் வட்டாரத் தொழிலாளரை ஆராய்ந்த மருத்துவர் அடால்ஃப் குஸ்மௌல், 1861இல் தம் நூலில் இந்நோயை விரிவாக விளக்கினார். கண்ணாடியில் தம் முகத்தைக் கண்டவர், அதைச் செய்தவரின் நடுங்கும் கையைக் கண்டிலர். பாதரசத்தின் இந்தக் கேடு ஐரோப்பாவின் பழங்கதையாக மட்டும் முடிந்துவிடவில்லை. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை பாதரச மாசு குறித்த எதிர்ப்பால் 2001இல் மூடப்பட்டதை இங்கு நினைவுகூரலாம்.

'இரசம் போதல்' என்னும் தொடர் இப்பழைய பூச்சுக்கு மிகவும் பொருந்துகிறது. வெள்ளீய-பாதரசப் பூச்சில் திண்மப் படிகங்களுக்கிடையே பாதரசம் மிகுந்த நீர்மமும் தங்கியிருக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அந்நீர்மம் கீழ்நோக்கி வடியும். பாதரசம் சிறுகச்சிறுக ஆவியாகும். ஆகவே பழங்கண்ணாடியில் உண்மையாகவே இரசம் 'போனது'. இன்றைய கண்ணாடியிலோ விளிம்பின் வழியே ஈரமும் கந்தகச் சேர்மங்களும் நுழைந்து வெள்ளியை அரிக்கின்றன, கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. இங்கு நிகழ்வது அரிமானமே. எனினும் வழக்கு மாறவில்லை.

வெள்ளியின் வருகை

1835இல் யுஸ்டஸ் ஃபான் லீபிக், ஆல்டிஹைடு வெள்ளி உப்பை ஒடுக்கிக் கண்ணாடிச் சுவரில் வெள்ளியாகப் படியவைப்பதைக் கண்டார். 1850களில் இதனை ஆடி செய்யும் முறையாக அவர் வளர்த்தெடுத்தார். பாதரசத்தால் நலிந்த தொழிலாளருக்கு இது விடுதலை தரும் என்பது எதிர்பார்ப்பு. ஆயினும் பழகிய முறையைக் கைவிடத் தொழிலகங்கள் உடனே முன்வரவில்லை. வெள்ளிப்பூச்சு பழைய முறையை முழுமையாக அகற்றப் பல பத்தாண்டுகள் ஆயின. தீங்கற்ற மாற்று கைவசம் இருப்பதாலேயே தீங்கான முறை விலகிவிடுவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

இன்றைய தொழிலகங்களில் கண்ணாடியைக் கழுவி, வெள்ளீயக் குளோரைடுக் கரைசலால் பரப்பைப் பதப்படுத்துவர். பின்னர் அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலையும் ஒடுக்கியையும் தெளிப்பர். ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவிலான வெள்ளிப் படலம் படியும். அதன்மேல் காப்படுக்கும் வண்ணப்பூச்சும் இடப்படும். பாதரசம் நீங்கியபோதும் வெள்ளீயம் துணைப்பொருளாகத் தொடர்வது நோக்கத்தக்கது.

பூச்சே கலையானபோது: தஞ்சைக் கண்ணாடி ஓவியம்

கண்ணாடியின் பின்புறப் பூச்சு தமிழகத்தில் கலைவடிவமாகவும் மலர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் சீன வணிகத்தின் வழி இந்தியாவுக்கு வந்த பின்புறக் கண்ணாடி ஓவிய முறை, தஞ்சாவூரில் வேரூன்றியது. இதில் ஓவியர் தலைகீழ் வரிசையில் இயங்க வேண்டும். கண்மணி, அணிகலன் முதலிய நுண்கூறுகளை முதலில் தீட்டி, உடலையும் ஆடையையும் பின்னர் நிரப்பி, பின்புலத்தை இறுதியில் பூசுவர். தாளோவியத்தில் முடிவாக இடப்படும் கோடு இங்கு முதற்கோடாகிறது. பிழையைத் திருத்த இடமில்லை. பார்ப்பவர்க்குக் கண்ணாடியே காப்பாகவும் மெருகாகவும் அமைகிறது. சீன ஏற்றுமதி ஓவியங்களில் முகக்கண்ணாடியின் இரசப்பூச்சைச் சுரண்டி நீக்கி, அவ்விடத்தில் வண்ணம் தீட்டும் முறையும் இருந்தது. எதிரொளிக்கும் பூச்சும் உருவம் காட்டும் பூச்சும் ஒரே பரப்பில் அருகருகே நின்றன.

பூச்சு வேண்டாத இடம்: போத்தனூரும் சமிக்ஞை விளக்கும்

எல்லா இடங்களிலும் பூச்சு உகந்ததன்று. 1862இல் சென்னை-பேப்பூர் இருப்புப்பாதையின் நிலையமாகி, 1873இல் மேட்டுப்பாளையக் கிளைப்பாதையால் சந்திப்பாக வளர்ந்த போத்தனூர், இரயில்வேயின் சமிக்ஞை, தொலைத்தொடர்புப் பணிமனையைக் கொண்ட ஊர். கைகாட்டி மரத்தின் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளில் நிறம் மேலே பூசப்படுவதில்லை. கண்ணாடியை உருக்கும்போதே உலோகச் சேர்மங்களால் ஊட்டப்படுகிறது. மழையும் வெயிலும் புகையும் தாக்கும் இடத்தில் பூசிய நிறம் உரிந்தால், சிவப்பு வெண்மையாகத் தெரியும். அது உயிருக்கே கேடாக முடியும். மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் ஒளியை ஈடுசெய்யும் பொருட்டுப் பச்சைக் கண்ணாடி நீலச்சாயலுடன் செய்யப்பட்டது. பூச்சின் வரலாற்றை எழுதுகையில், அது வேண்டுமென்றே தவிர்க்கப்பட்ட இடங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு இது சான்று.

காவலூர்: தட்டொளிக்குத் திரும்புதல்

பின்பூச்சுக் கண்ணாடி வானியலுக்கு ஏற்றதன்று. ஒளி கண்ணாடியை இருமுறை கடக்க நேர்வதும், முன்பரப்பில் தோன்றும் மங்கலான இரண்டாம் பிம்பமும் குறைகளாகும். எனவே தொலைநோக்கி ஆடியின் முன்பரப்பிலேயே பூச்சு இடப்படுகிறது. 1850களில் ஸ்டைன்ஹைல், ஃபூக்கோ ஆகியோர் வெள்ளி பூசிய கண்ணாடி ஆடிகளை உருவாக்கினர். வெள்ளி விரைவில் கறுத்தமையால், 1930களில் ஜான் ஸ்ட்ராங் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் முறையை வளர்த்தார். கட்புல ஒளியை எதிரொளிப்பதில் அலுமினியம் வெள்ளிக்குச் சற்றே குறைந்தது. எனினும் காற்றுப்பட்டவுடன் உருவாகும் மெல்லிய ஆக்சைடுப் படலம் அதனைக் காக்கிறது.

சவ்வாதுமலையில் காவலூரிலுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரி 6இல் நாட்டுக்கு அளிக்கப்பட்டு வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. அதன் ஆடிக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பழைய பூச்சை நீக்கி வெற்றிடக் கலத்தில் புதிதாக அலுமினியம் பூசுகின்றனர். படலத்தின் தடிமன் 100 நானோமீட்டர் எனக் கொண்டால், 2.34 மீட்டர் விட்டமுள்ள பரப்பு முழுவதற்கும் தேவைப்படும் அலுமினியத்தின் எடை ஒரு கிராமை ஒட்டியே அமையும். விண்மீன் ஒளியைத் திரட்டும் பணியைச் செய்வது அந்த ஒரு கிராமே. கீழுள்ள பெருங்கண்ணாடி அதற்கு வடிவம் தந்து தாங்கும் பீடம் மட்டுமே. முன்பரப்பு எதிரொளிப்பு என்ற வகையில் காவலூர் ஆடி தட்டொளியின் வழித்தோன்றல் ஆகிறது.

எதிரொளிப்பைக் குறைத்தலும் வெப்பத்தைத் தடுத்தலும்

கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். பல வில்லைகள் கொண்ட கருவியில் இவ்விழப்பு பெரிதாகும். 1890களில் டென்னிஸ் டெய்லர், மேற்பரப்பு மங்கிய பழைய வில்லைகள் புதியவற்றைவிட மிகுதியாக ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். குறை எனக் கருதப்பட்ட மங்கலே ஒரு பயன்தரு படலம் என்பது தெளிவாயிற்று. 1935இல் செய்ஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா வெற்றிடப் படிவு வழியாகவும், 1938இல் காதரின் பிளாட்ஜெட் மூலக்கூற்றுப் படலங்கள் வழியாகவும் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுகளை உருவாக்கினர். ஒளியின் அலைநீளத்தில் கால்பங்குத் தடிமனுள்ள படலத்தின் இரு பரப்புகளிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதே இதன் தத்துவம். மூக்குக்கண்ணாடிக் கடைகளில் 'கோட்டிங் கண்ணாடி' எனப்படுவது இதுவே.

கட்டடச் சாளரங்களில் தேவை வேறு. கட்புல ஒளி உள்ளே வரவேண்டும். அகச்சிவப்புக் கதிர் தடுக்கப்பட வேண்டும். ஆக்சைடு அடுக்குகளுக்கிடையே ஏறத்தாழ 10 நானோமீட்டர் வெள்ளியை வைத்தால் இது இயலும். 1959இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த மிதவைக் கண்ணாடி முறையில் உருகிய கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து சமதளமாகிறது. தமிழகத்தில் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை 2000இல் தொடங்கப்பட்டது. பழைய இரசப்பூச்சின் மூலப்பொருளான வெள்ளீயம், இங்குக் கண்ணாடியைத் தாங்கும் படுகையாகிறது. இரச முறை மறைந்தபோதும் அதன் ஒரு கூறு வேறு பணியேற்று நிலைத்திருக்கிறது.

2001இல் அறிமுகமான தைத்தானியம் டைஆக்சைடுப் பூச்சு, சூரிய ஒளியின் புறஊதாக் கதிரால் அழுக்கைச் சிதைத்து, மழைநீரை மெல்லிய படலமாகப் பரவச் செய்கிறது. தானே தூய்மையாகும் சாளரங்கள் இதனால் உருவாயின.

சொல்லும் பொருளும்

மேற்கண்ட வளர்ச்சியைத் தமிழ் வழக்கு இரு சொற்களால் எதிர்கொள்கிறது. எதிரொளிக்கும் பூச்சு அனைத்தும் 'இரசம்'. ஏனைய அனைத்தும் 'கோட்டிங்'. முன்னது பொருளின் பெயர். பொருள் மாறியும் தொடர்கிறது. பின்னது செயலின் பெயர். எச்செயல் என்பதைக் கூறுவதில்லை. வெப்பந்தடுக்கும் பூச்சும் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் ஒரே சொல்லால் வழங்கினால், வாங்குபவர்க்குத் தாம் பெறுவது யாதெனத் தெரியாது. பயிலும் மாணவர்க்கும் வேறுபாடு விளங்காது. 'எதிரொளிப்பூச்சு', 'எதிரொளித் தடுப்புப் பூச்சு', 'வெப்பத் தடுப்புப் பூச்சு', 'தன்தூய்மைப் பூச்சு' எனப் பயன் சார்ந்து பெயரிடுதல் பொருத்தமுடையது. பொருள் மாறினும் பயன் மாறாதாகலின் இப்பெயர்கள் நிலைக்கும்.

முடிவுரை

இரசம் என்ற சொல் பிழைவழக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று. அது ஒரு தொழில்நுட்பம் இம்மண்ணுக்கு வந்தடைந்த காலத்தையும், அதன் உட்பொருளையும் காத்துவரும் ஆவணம். பேச்சுவழக்கில் அச்சொல் தொடரட்டும். பாடநூல்களும் அகராதிகளும் அதன்கீழ் அதன் வரலாற்றுப் பொருளையும் இன்றைய பொருளையும் பிரித்துக் காட்ட வேண்டும். கண்ணாடி வெட்டுவோர், பூச்சுத் தொழிலாளர், மூக்குக்கண்ணாடி வினைஞர் ஆகியோரின் தொழிற்சொற்களை வட்டாரந்தோறும் தொகுப்பது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணி. பழைய பூச்சை அறிந்த கைவினைஞர் தலைமுறை மறையும் முன்னர் அப்பணி தொடங்கப்பட வேண்டும்.