விதைக்குச் சூடு கொடுத்த கண்ணாடி வீடு



பால்மரக் காட்டில் காய் வெடித்து விதை சிதறும் சத்தம் நம் தோட்டப்புறத்து மக்களுக்குப் புதிதல்ல. விதைகளைப் பொறுக்கி, இரண்டை உள்ளங்கைக்குள் வைத்து நசுக்கி, எது முதலில் உடைகிறது என்று பந்தயம் கட்டாத பிள்ளைகள் லயத்தில் இருந்ததில்லை. நர்சரியில் வேலை செய்த தாய்மார்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஆற்றுமணல் பரப்பிய மேடையில், விதையின் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி பதித்து, மேலே நிழல் போட்டு, தவறாமல் தண்ணீர் தெளித்தால் போதும், முளை கிளம்பிவிடும். சூட்டுக்காக நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நம் நாட்டு வெயிலே அதைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இதே விதை முதன்முதலில் நம் பக்கம் வந்தபோது, குளிர்நாட்டில் செயற்கையாகச் சூடாக்கிய ஒரு கண்ணாடி வீட்டைத் தாண்டித்தான் வந்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

விதைக்குச் சூடு கொடுக்கும் வித்தை இங்கிலாந்தில் மிகவும் பழையது. பணக்காரர் வீட்டு வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். அது எருக்குழியில் தொடங்கியது. புதிய குதிரைச் சாணத்தையும் வைக்கோலையும் குவித்து வைத்தால், இரண்டொரு நாளில் கை வைக்க முடியாத அளவுக்குக் குவியலின் உள்ளே சூடேறும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை மக்க வைப்பதால் பிறக்கும் சூடு அது. அந்தக் குவியலின் மேல் அடியில்லாத பலகைப் பெட்டியை வைத்து, உள்ளே ஒரு சாண் மண் போட்டு விதைத்து, மேலே கண்ணாடிச் சட்டத்தால் மூடுவார்கள். கீழிருந்து எருவின் சூடு, மேலிருந்து வெயில். வெளியே பனி பெய்தாலும் உள்ளே வெள்ளரி முளைக்கும். 18ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடும் பட்டறைகளில் கழிக்கப்பட்ட மரப்பட்டையைக் குழியில் நிரப்பி, அது புளித்துத் தரும் சூட்டிலே அன்னாசி வளர்த்தார்கள். எரு ஒரு வேகத்தில் சூடேறி ஆறிவிடும். மரப்பட்டையோ பல வாரங்கள் நிதானமாகக் கனலும். பிறகு கொதிகலனும், மேடைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயும் வந்தன. எல்லாவற்றுக்கும் கருத்து ஒன்றுதான். காற்று சூடாக இருந்து மண் குளிர்ந்து கிடந்தால் விதை முளைக்காது, அழுகும். ஆகவே அடிச்சூடு வேண்டும். இரவில் குளிரும் கேமரன் மலையில் இருக்கும் நேயர்கள், மிளகாய், தக்காளி விதைகளுக்கு அந்தப் பலகைப் பெட்டியைச் செய்து பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எருவின் முதல் கொதிப்பு அடங்கிய பிறகே விதைக்க வேண்டும்; இல்லாவிட்டால் விதை வெந்துபோகும்.

இனி ரப்பர் விதைக்கு வருவோம். நெல்லை மூட்டை கட்டி அடுத்த பருவம் வரை வைக்கலாம். ரப்பர் விதையை அப்படி வைக்க முடியாது. அதில் எண்ணெய் அதிகம். ஈரம் வற்றினாலும் எண்ணெய் கெட்டாலும் சில வாரங்களில் அதன் உயிர் போய்விடும். அமேசான் காட்டிலிருந்து லண்டனுக்குக் கப்பல் பயணமே பல வாரங்கள். 1873இல் ஏறத்தாழ 2,000 விதைகள் லண்டனுக்கு வந்தன. கியூ தாவரவியல் தோட்டத்தில் ஊன்றியதில் ஒரு டஜன்தான் முளைத்தது. அதில் ஆறு கன்றுகள் கல்கத்தாவுக்குப் போய், அங்கே பட்டுப்போயின.

1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர், பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பக்கத்தில் 70,000 விதைகளைச் சேர்த்தார். காய்ந்த காட்டு வாழையிலைகளை இடையிடையே அடுக்கிக் கூடைகளில் கட்டினார். ஆயிரம் விதைக்குப் பத்து பவுன் அவருக்குப் பேசிய விலை. அவர் திருடிக்கொண்டு வந்தார் என்று பலர் சொல்வார்கள். ரப்பர் விதையை வெளியே அனுப்பக் கூடாது என்ற சட்டம் அப்போது பிரேசிலில் இல்லை. ஆயினும் அந்த விதையால் பின்னாளில் விளைந்த செல்வத்தில் அந்நாட்டு மக்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் 14ஆம் தேதி விதைகள் கியூ தோட்டத்துக்கு வந்தன. இயக்குநர் ஜோசப் ஹூக்கர், சூட்டுக் கண்ணாடி வீட்டில் இருந்த செடிகளை அகற்றி இடம் செய்யச் சொன்னார். மறுநாளே எல்லா விதைகளையும் நெருக்கமாக ஊன்றினார்கள். 300 சதுர அடிக்கு மேல் விதையாகவே கிடந்தது. நான்காம் நாள் முதல் முளைகள் தலைகாட்டின. ஆனால் முடிவில் முளைத்தவை நூற்றுக்கு நான்கு கூட இல்லை. ஏறக்குறைய 2,700 கன்றுகள். சூடு குறைந்ததால் அல்ல, பெரும்பாலான விதைகள் வழியிலேயே உயிரிழந்திருந்ததால்தான். வந்ததும் ஒரு வாரம் சும்மா கிடந்திருந்தால் இதுவும் கிடைத்திருக்காது என்பதே நம் எண்ணம். விக்ஹாமுக்கு 1920இல் சர் பட்டம் கிடைத்தது. விதை ஊன்றித் தண்ணீர் தெளித்த தோட்டக்காரர்களைப் பாடப் புத்தகங்களில் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

கன்றுகளைக் கப்பலில் அனுப்ப இன்னொரு பெட்டி உதவியது. லண்டனில் மருத்துவராக இருந்த நத்தானியேல் வார்ட், 1829இல் ஒரு பூச்சிக்கூட்டை ஈரமண்ணோடு புட்டியில் மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்டது, மண்ணில் தானே முளைத்த பெரணியையும் புல்லையும். மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி, மறுபடி துளியாகி, மண்ணிலேயே விழுகிறது. உப்புக் காற்று உள்ளே வராது. அந்த அறிவில் பிறந்த கண்ணாடிப் பெட்டிகள் 38இல், 1876 ஆகஸ்ட் மாதம் 1,919 கன்றுகள் இலங்கைக்குப் பயணமாயின. பெரும்பாலானவை உயிரோடு சேர்ந்தன. அதே சமயம் சிங்கப்பூருக்கு அனுப்பிய 50 கன்றுகள் மடிந்தன. காரணம் நோயல்ல, புயலும் அல்ல. கப்பல் கூலியை யாரும் உரிய காலத்தில் கட்டவில்லை!

மறு ஆண்டு, 1877இல், மீண்டும் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. நம்மவர் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டத்தில் சில நடப்பட்டன. ஒன்பது கன்றுகள் பேராக்கில் கோலகங்சாருக்குப் போயின. 1888இல் பூமலைக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டு, காப்பித் தோட்டக்காரர்களிடம் ரப்பர் விதையைக் கொடுத்துக் கொடுத்துப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் துணிந்து பயிரிட்டார். மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டதும் காடுகள் விழுந்தன, ரப்பர் எழுந்தது. கரும்புக்கும் காப்பிக்கும் முன்பே வந்திருந்த நம் மக்கள், இப்போது நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆயிரம் ஆயிரமாகக் கப்பலேறினார்கள். நம் பாட்டன் பாட்டி லயத்துக்கு வந்த கதை அதுதான்.

இவ்வளவு மரங்களும் அந்தச் சில கன்றுகளின் வழிவந்தவை. ஒரே குடும்பத்து மரங்களாக இருந்தால் புது நோயைத் தாங்கும் வலிமை குறைவு. அதனால் 1981இல் பல நாட்டு ரப்பர் ஆய்வாளர்கள் பிரேசில் அரசின் சம்மதத்தோடு அமேசான் காட்டுக்குப் போய், 64,000க்கும் மேற்பட்ட விதைகளைச் சேர்த்தார்கள். பாதியைப் பிரேசில் தன்னிடமே வைத்துக்கொண்டது. மீதியில் பெரும்பங்கு மலேசியாவுக்கும், சிறு பங்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டுக்கும் வந்து சேர்ந்தது.