தேனீ இயங்கு எழுத்துரு

தேனீ என்பது ஒருங்குறி முறையில் அமைந்த தமிழ் எழுத்துரு ஆகும். காரைக்காலுக்குத் தெற்கே, காவிரிப் படுகைக் கடலோரத்தில் உள்ள அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி (1953–2006) இதை உருவாக்கினார். 2000களின் முற்பகுதியில் தமிழ்க் கணிமை ஆர்வலர்களின் பயன்பாட்டுக்கு இதை இலவசமாக வழங்கினார்.

பின்னணி

1990களின் இறுதியில் தமிழ் இணையப் பக்கங்கள் பல்வேறு குறியேற்றங்களில் எழுதப்பட்டன. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டின் வழியே டாம், டாப் ஆகிய குறியேற்றங்கள் வந்தன. கடல்கடந்த தமிழர் பலர் திஸ்கியைப் பயன்படுத்தினர். ஒரு குறியேற்றத்தில் எழுதியதை மற்றொன்றுக்குரிய எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன.

ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அன்று பரவலாக இருந்த விண்டோசு 98 இயங்குதளத்தில் தமிழ் ஒருங்குறி எழுத்துரு இல்லை. ஆகவே தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தோன்றின. படிக்க ஆளில்லை என்று எழுதுவோர் தயங்கினர். பக்கங்கள் குறைவாக இருந்ததால் படிப்போர் எழுத்துருவைத் தேடி நிறுவவில்லை.

அறிமுகம்

தேனீ இந்த முடிச்சை எழுதுபவரின் பக்கத்திலிருந்து அவிழ்த்தது. இணையப் பக்கத்தின் வார்ப்புருவில் எழுத்துருக் கோப்பின் முகவரியைச் சேர்த்தால் போதும். பக்கம் திறக்கும்போதே எழுத்துருவும் தரவிறங்கிவிடும். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இதனாலேயே இது இயங்கு எழுத்துரு எனப்பட்டது. அக்காலத்தில் எழுதத் தொடங்கிய வலைப்பதிவர் பலர் இதை ஏற்றுக்கொண்டனர். பழைய குறியேற்றங்களில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளையும், ஒலிப்பு முறையில் தட்டச்சிடும் எழுதியையும் உமர்தம்பி உருவாக்கி இலவசமாக அளித்தார்.

வரம்புகள்

இவ்வகை எழுத்துருக் கோப்பை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவி மட்டுமே ஏற்றது. 2004இல் வெளிவந்த பயர்பாக்சில் அது செயல்படவில்லை. பின்னர் இயங்குதளங்களிலேயே தமிழ் எழுத்துரு உள்ளிணைக்கப்பட்டு வந்ததால் இயங்கு எழுத்துருவின் தேவை குறைந்தது.

முக்கியத்துவம்

தேனீயின் பயன்பாட்டுக் காலம் குறுகியது. ஆயினும் அதை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் ஒருங்குறியில் இருந்தன. எனவே எழுத்துரு வழக்கிலிருந்து மறைந்த பிறகும் அவற்றை மாற்றமின்றிப் படிக்கவும் தேடவும் முடிந்தது. பழைய குறியேற்றங்களில் எழுதப்பட்டவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. தன் கருவி தேவைப்படாத நிலைக்குப் பயனரைக் கொண்டு சேர்த்ததே தேனீயின் பங்களிப்பாகும்.

உமர்தம்பி 2006 சூலையில் காலமானார். 2010 சூனில் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.