கைகுலுக்குறதுக்கு முன்னாடி காற்று

1972 மே, மாஸ்கோ. நிக்சனும் கோசிகினும் விண்வெளி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. பனிப்போர் நடக்கும்போதே அப்போலோவும் சோயூஸும் விண்ணில் இணையணும். கையெழுத்து ஈஸிங்க. சிக்கல் மூச்சுல இருந்தது.

சோயூஸுக்குள்ள நாம சுவாசிக்கிற அதே காற்று, அழுத்தம் 760 மி.மீ. பாதரசம். அப்போலோவுல சுத்த ஆக்சிஜன், சுமார் 260 தான். நேரா கதவைத் திறந்து சோயூஸ்ல இருந்து இந்தப் பக்கம் வந்தா? சோடா மூடியைத் திறந்த மாதிரி, உடம்புல கரைஞ்சிருக்கிற நைட்ரஜன் குமிழியாகிடும். ஆழ்கடல்ல இருந்து சட்டுனு மேலே வர்றவங்களுக்கு வர்ற அதே நோய். மூட்டு வலியோட நிக்கலாம், பக்கவாதம் வரைக்கும் போகலாம்.

"நீ என் காற்றுக்கு மாறு"ன்னு யாராவது பிடிவாதம் பிடிச்சிருந்தா கதை முடிஞ்சிருக்கும். அமெரிக்கா நடுவுல அழுத்தத்தை மாத்துற ஒரு சின்ன அறையைக் கட்டுச்சு. சோவியத் தன் கலத்தோட அழுத்தத்தை சுமார் 520க்கு இறக்குச்சு. இணைப்புக் கருவியும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. எது பிடிக்குது, எது பிடிபடுதுங்கிற மானப் பிரச்சினையே கிடையாது!

1975 ஜூலை 17, ஸ்டாஃபோர்டும் லியோனவும் கைகுலுக்கினாங்க. கூட டீக் ஸ்லேட்டன். இதயத்துடிப்புக் கோளாறுன்னு 1962ல டாக்டர்கள் நிறுத்தி வெச்ச மனுஷன், 51 வயசுல முதல் பயணம்.

அப்புறம் ஆப்கானிஸ்தான், ரீகன், உறவு உறைஞ்சுபோச்சு. அடுத்த அமெரிக்கக் கலம் ரஷ்யாவோட மிர் நிலையத்துல இணைஞ்சது 1995ல. அதுல இருந்தது அதே இணைப்புக் கருவியோட அடுத்த தலைமுறை.