ஆலவாயின் ஐந்து வீதிகள்



மதுரையம்பதிக்கு வருவோர் நேரே திருக்கோயிலுக்குச் சென்று, அம்மையையும் அப்பனையும் வழிபட்டு, வந்த வழியே மீண்டுவிடுகின்றனர். கோயிலைச் சூழ்ந்த வீதிகளும் அவ்வழிபாட்டின் பகுதியே என்று எண்ணுவோர் சிலரே. சென்ற ஆண்டு வெளியூர் அன்பர்கள் பன்னிருவர் எம்மிடம் வந்து, பழைய ஊரைக் காட்டியருள வேண்டும் என்று கேட்டனர். வண்டி வேண்டா, நடந்தே காண்போம் என்று கூறி, ஒரு நாள் வைகறையில் மேலவெளி வீதியிலிருந்து புறப்பட்டோம். அந்நடையில் நாம் காட்டியவற்றையும், நாமே கற்றுக்கொண்ட ஒன்றையும் இங்கே உரைப்போம்.

மதுரையின் பழைய ஊர் சதுரத்துள் சதுரமாக அமைந்தது. நடுவே திருக்கோயில். அதன் மதிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதனை அடுத்து ஆவணி மூல வீதி. அதற்கப்பால் மாசி வீதி. எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதி. திங்களின் பெயரால் வழங்கும் வீதிகள் நான்கும் இறைவனது திருவுலாவுக்கென்றே வகுக்கப்பட்டவை. ஆதலின் ஊருக்குள் நடப்பதே கருவறையை நோக்கி நடப்பதாகும்.

வெளி வீதி நிற்கும் இடத்தில் முன்னர்க் கோட்டைமதிலும் அகழியும் இருந்தன. விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த அக்கோட்டையை, 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆட்சித்தலைவராயிருந்த பிளாக்பர்ன் இடிப்பித்து அகழியையும் தூர்த்தார். அப்பணியில் ஈடுபட்டோரின் பெயர்களே பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று இன்றும் வழங்குகின்றன. மன்னர் எழுப்பிய மதில் போயிற்று. ஆண்டவன் உலாவரும் வீதியோ நிலைத்தது.

அங்கிருந்து மேலமாசி வீதியை அடைந்தோம். ‘மாசி வீதியில் சித்திரைத் தேர் ஓடுவது எங்ஙனம்?’ என்று ஓரன்பர் வினவினார். நல்ல வினா. அம்மையின் திருமண விழாவும் தேரோட்டமும் முற்காலத்தில் மாசியில் நிகழ்ந்தன. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், அழகர் வைகைக்கு எழுந்தருளும் விழாவோடு இயைத்து, அவற்றைச் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழிவழி வரும் வரலாறு. சைவரும் வைணவரும், நகரத்தாரும் நாட்டுப்புறத்து உழவரும் ஒருசேரக் கூடும் பெருவிழா அதனால் அமைந்தது. விழா மாறியும் வீதி தன் பழம்பெயரை விடவில்லை.

அதே மேலமாசி வீதியில் ஒரு வீட்டைச் சுட்டினோம். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், ஏழையர்க்கு இல்லாத மேலாடை தமக்கும் வேண்டா என்று துறந்து, அரையாடை உடுத்துக் காந்தியடிகள் வெளிப்போந்தது அவ்வீட்டிலிருந்தே. அங்கிருந்து கோயில் சிறிது தொலைவே. ஆயினும் எல்லா மக்களுக்கும் திறவாத கோயிலுள் அவர் புக ஒருப்படவில்லை. அம்மையின் திருமுன் அவர் நின்றது 1946ஆம் ஆண்டில். அச்சிறு தொலைவைக் கடக்க அவர் 25 ஆண்டுகள் காத்திருந்தார்.

அடுத்து ஆவணி மூல வீதி. பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை நினைவுறுத்தும் ஆவணி மூல விழாவால் பெற்ற பெயர் இது. வைகை பெருகியபோது கரையடைக்கத் தன் பங்குக்கு ஆள் இல்லாது தவித்த வந்திக்குப் பெருமான் கூலியாளாய் வந்தார். உதிர்ந்த பிட்டே கூலி. வேலை செய்யாது விளையாடினார் என்று பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும் பட்டது; அரசி முதுகிலும் பட்டது; எல்லா உயிர்களின் மேலும் பட்டது. இதனை நாம் ஆண்டுகள் பலவாக மேடைதோறும் விரித்துரைத்து வந்துள்ளோம். அன்றும் உரைத்தோம், அன்பர்கள் உருகிக் கேட்டனர்.

சித்திரை வீதியைக் கடந்து மேலைக் கோபுர வாயிலை அணுகினோம். எம்முடன் வந்தவருள் எண்பதைக் கடந்த முதியவர் ஒருவர், உள்ளே புகாது வாயிற்படியருகே நின்றுவிட்டார். கால் நோவோ என்று கேட்டோம். ‘இல்லை ஐயா. எங்கள் தந்தையார் இளமையில் இந்த வீதியில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுத் திரும்பியவர். உள்ளே விடமாட்டார்கள். அவர் நின்ற இடத்தில் சற்று நின்று வருகிறேன்’ என்றார்.

எமக்கு உரை எழவில்லை. அடி எல்லார் மேலும் பட்டது என்று கதை சொன்ன நாவால், வாயில் எல்லார்க்கும் திறந்திருந்ததா என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், மதுரை வைத்தியநாத ஐயர் அவர்கள், பின்னாளில் அமைச்சராக விளங்கிய கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட குலத்து அன்பர்களை உடனழைத்து இத்திருக்கோயிலுள் புகுந்தார். எதிர்ப்பு எழாமல் இல்லை. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டமும் அந்நற்செயலுக்கு அரணாயிற்று. இந்நாளை நாம் அறிந்திருந்தும் எம் சொற்பொழிவுகளில் ஒருமுறையேனும் கூறவில்லை. அது எம் குறையே.

முதியவர் விழிநீரைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரை முன்னே செல்லவிட்டு நாம் பின்னே சென்றோம். ஆடி வீதியை வலமாக வந்து, அம்மையையும் அப்பனையும் தொழுதோம்.

அன்பர்களே! உள்ளே வர இயலாதவர்க்கும் காட்சி தரவே பெருமான் தேரேறி வீதிக்கு வருகிறார் என்பது ஆன்றோர் கூறும் திருவுலாவின் கருத்து. வீதிக்கு வந்து எல்லார்க்கும் முகங்காட்டிய பெருமானின் வாயிலை நாம் அடைத்திருந்தோம். 1939இல் அது திறந்தது. இனி ஆவணி மூலத்தன்று பிரம்படியைச் சொல்லும்போது, அந்தச் சூலைத் திங்கள் நாளையும் சேர்த்தே சொல்வோம். நீங்களும் உங்கள் மக்களை இவ்வீதிகளில் நடத்தி அழைத்து வந்து இதனைச் சொல்லுங்கள்.

திருச்சிற்றம்பலம்.