பனங்கருக்கின் இரண்டு பக்கம்

ராஜபாளையம் என்றால் பஞ்சாலை, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோபுரம். அதுதான் சரித்திரமாம். மழை பொய்த்தால் காய்ந்து கிடக்கும் இந்தக் காடுகரைகளில் கூலிக்கு மாரடிச்ச நம்ம பொம்பளைக எந்தச் சரித்திரத்துல இருக்காக?

வத்திராயிருப்பு பக்கம் புதுப்பட்டியில் 1958இல் பிறந்த பாமா அதை எழுதினார். கன்னியர் மடத்துக்குள்ளும் சாதியைக் கண்டு 1992இல் வெளியேறினார். அதே ஆண்டு ‘கருக்கு’ வந்தது, 1994இல் ‘சங்கதி’. ஒரே வேலைக்கு ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்குக் குறைஞ்ச கூலி. வீட்டுக்கு வந்தா புருசன் அடி. எல்லாம் சேரிப் பேச்சிலேயே.

இலக்கியக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சொந்த சனமே கோபப்பட்டு ஏழு மாதம் அவரை ஊருக்குள் விடவில்லை. பிறகு, படித்த பிள்ளைகள் எடுத்துச் சொல்ல, தங்கள் கதை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

பனங்கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும். ஊரின் சாதித் திமிரைக் கேட்கிற நாம், நம் வீட்டுக்குள் விழுகிற அடியையும் கேட்கணும்.